சொந்த விருப்பத்தின் பேரில்

சுடலைவடிவின் ரத்த அழுத்தம் இறங்க இறங்க, அவளுக்குத் தீவிர சிகிச்சை தேவையில்லை என்பதில் 'பாதை' மேலும் மேலும் உறுதியானது.

காலையில் அழுத்தம் தொண்ணூற்று நான்கு. அப்போது தீவிர சிகிச்சைக்குப் பாதை கொடுத்த மதிப்பெண் எழுபது. மதியத்துக்குள் அழுத்தம் எண்பத்திரண்டு, மதிப்பெண் ஐம்பது. இப்போது எழுபத்திரண்டு. டாக்டர் ஜெஸிந்தா அந்த எண்ணைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள். மதிப்பெண் முப்பதுக்குக் கீழே போயிருந்தது. அதற்கடியில் வழக்கமான பச்சை எழுத்தில், 'பொதுப் பிரிவிலேயே சிகிச்சையைத் தொடரலாம்.'

"ஜுரம் ஏற ஏற இறங்குற தெர்மாமீட்டரை நான் இப்பதான் பாக்கேன்," என்றாள்.

ஸ்டாஃப் நர்ஸ் பிரேமகுமாரி குனிந்து சொட்டு மருந்தின் வேகத்தைச் சரிபார்த்தாள்.

வடிவு உப்பளத்தில் வேலை செய்பவள். நாற்பத்து மூன்று வயது. பாத்தியில் இறுகிக் கிடந்த உப்புப் பொருக்கு கணுக்காலைக் கீறிவிட்டது. அவள் அதைக் காயமாகவே நினைக்கவில்லை. அதன் வழியே புகுந்த கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பரவிவிட்டது. அப்படிப் பரவும்போது ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. தொட்டியில் தண்ணீர் இருந்தும், குழாய்களெல்லாம் அகலமாகிப்போனால் மாடிக்குத் தண்ணீர் ஏறாதில்லையா, அதே கதைதான். ரத்தம் இருக்கிறது, சிறுநீரகத்துக்குப் போய்ச் சேரவில்லை. சங்கணாபுரம் அரசு மருத்துவமனையில் மருந்து கொடுத்து அவளைச் சில மணி நேரம் தாக்குப்பிடிக்க வைக்கலாம். காலைத் திறந்து சுத்தம் செய்ய அறுவை மருத்துவரும் டயாலிசிஸும் மாவட்டத் தலைநகரில்தான் இருந்தன. அங்கே ஒரு படுக்கை வேண்டும். அதைக் கொடுப்பது பாதை என்ற இந்தக் கணினி ஏற்பாடு.

பாதை வருவதற்கு முன் படுக்கைகள் எப்படிக் கிடைத்தன என்பது ஜெஸிந்தாவுக்கு மறக்கவில்லை. கவுன்சிலரின் மச்சினனுக்கு வயிற்றுவலி என்றால் அரை மணியில் படுக்கை தயாராகும். யாரையும் தெரியாதவர்கள் வராந்தாவில் கிடப்பார்கள். ஒரு வருடத்துக்கு முன் வந்த பாதை அதற்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்தது. மாநிலத்தின் எல்லா அரசு மருத்துவமனைகளின் பதிவுகளையும் படித்து, யாருக்குப் படுக்கை கொடுத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிகவும் கூடும் என்று கணக்குப் போட்டு, ஆம்புலன்சையும் அதுவே அனுப்பிவிடும். சிபாரிசுக்குக் காது கிடையாது. அதன் முடிவை மாற்ற வேண்டுமானால் மூன்று பேர் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதில் மறுநாள் வரும். ஜெஸிந்தா அந்த ஏற்பாட்டைக் கைதட்டி வரவேற்றவள்.

கதவோரத்தில் நிழல் விழுந்தது. வடிவின் கணவர் லிங்கத்துரை துண்டின் நுனியைக் கடித்தபடி நின்றார். பேசியது அவருடைய அண்ணன் கொம்பையா.

"டாக்டரம்மா, உள்ளதச் சொல்லிருங்க. ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லுங்க. வேன் வாசல்ல நிக்கி. மூச்சு இருக்கையிலயே வீட்டு நடையில கொண்டு சேத்துருதோம்."

"ஆகும் அண்ணாச்சி. பெரியாஸ்பத்திரியில படுக்கை கிடைச்சா ஆகும். பொறுங்க."

"காலையில இருந்து பொறுத்துக்கிட்டுதான இருக்கோம். அந்தப் பொட்டி என்னதான் சொல்லுது?"

"யோசிக்குது."

"நம்ம தாலுகா ஆபீஸ விட மோசமால்லா இருக்கு," என்றார் கொம்பையா. சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. "அவ ஆஸ்பத்திரியில போயிட்டான்னா அப்புறம் ஊருக்குள்ள கொண்டு போறது பெரும்பாடு. ஒரு மணி நேரம் பாப்போம். அப்புறம் நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துரணும்."

அந்தக் கையெழுத்தை ஜெஸிந்தா இதற்கு முன் எத்தனையோ முறை போட்டிருக்கிறாள். வீட்டில் உயிர் போக வேண்டும் என்பது இங்கே கடைசிக் கடமை. செயற்கை சுவாசத்தில் இருப்பவரைக்கூட, ரப்பர் பலூனை ஒரு சொந்தக்காரர் அமுக்கிக்கொண்டே வேனில் கொண்டு போவார்கள். வீட்டு நடையில் இறக்கி, பிள்ளைகள் வாயில் பால் ஊற்றியதும் பலூனை அமுக்கும் கை நின்றுவிடும். அது எதற்கான பயணம் என்பது வாகன ஓட்டுநர் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் தெரியும். மருத்துவமனைப் பதிவில் மட்டும் வேறு மாதிரி இருக்கும்: 'சொந்த விருப்பத்தின் பேரில் வீடு திரும்பினார்.'

அவள் பாதையின் உதவி எண்ணை அழைத்தாள். ஒன்றை அழுத்தச் சொன்னது, நான்கை அழுத்தச் சொன்னது, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது, துண்டித்தது. இரண்டாம் முறை ஒரு பெண் எடுத்து, கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கச் சொன்னாள். மூன்றாம் முறை ஜெஸிந்தா போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. கடைசியில் சென்னையில் இருந்த சித்தீக் என்ற பொறியாளரிடம் இணைப்புப் போனது. பாதையின் கணக்கு முறையை எழுதிய குழுவில் ஒருவன் அவன்.

"மேடம், நிதானமா சொல்லுங்க. எண்கள் மட்டும் சொல்லுங்க."

அவள் மூன்று அழுத்தங்களையும் மூன்று மதிப்பெண்களையும் சொன்னாள். மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"இது தலைகீழா இல்ல இருக்கு?" என்றான்.

"அதத்தான் தம்பி நான் அரை மணி நேரமா ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன்."

"ஒரு நிமிஷம்." அவன் குரலில் எரிச்சல் இல்லை. திறந்து பார்க்க ஒரு பூட்டுக் கிடைத்தவனின் ஆர்வம் இருந்தது. "மேடம், பாதைக்கு மருத்துவம் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது பழைய பதிவுகள் மட்டும்தான். பல லட்சம் பேர் எந்த நிலைமையில உள்ள வந்தாங்க, எப்படி வெளிய போனாங்க. வெளிய போறதுக்கு நாலு வாசல். குணமானாங்க, மேல அனுப்பினோம், இறந்தாங்க, சொந்த விருப்பத்துல போனாங்க. இதுல மூணாவது வாசல் மட்டும்தான் அதுக்குச் சாவு. சரியா?"

"சரி."

"இப்ப ரத்தத்துல கிருமி, அழுத்தம் எண்பதுக்குக் கீழ. இப்படிப்பட்டவங்களைத் தேடுறேன். தீவிர சிகிச்சைப் படுக்கை கிடைச்சவங்கள்ல பாதிக்கு மேல இறந்திருக்காங்க. படுக்கை கிடைக்காதவங்க..." விசைச் சத்தம். "அட. முக்கால்வாசிப் பேர் உயிரோட வீட்டுக்குப் போயிருக்காங்க."

ஜெஸிந்தா சுவரில் சாய்ந்தாள். அவளுக்கு முழுவதும் புரிந்துவிட்டது. அவனுக்குத்தான் பாதி புரிந்திருந்தது.

"அவங்க உயிரோட வீட்டுக்குப் போகல, தம்பி. உயிரை விட வீட்டுக்குப் போனாங்க."

அவள் வேனையும் பலூனையும் பாலையும் பற்றிச் சொன்னாள். அவன் நகரத்துப் பிள்ளை. குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அப்ப அந்த நாலாவது வாசல் முழுக்கவே சாவா?"

"முழுக்க இல்ல. கோவிச்சுக்கிட்டுப் போறவன், தனியார் ஆஸ்பத்திரிக்குப் போறவன் எல்லாம் அதுலதான். ஆனா எண்பதுக்குக் கீழ அழுத்தம் இருந்து போனவங்கன்னா, பொழைச்சிருக்க மாட்டாங்க."

"அதை ஏன் மேடம் யாரும் எழுதல?"

"எழுத எங்க இடம் இருக்கு? எங்க வாசலைத் தாண்டி நடக்குறது எங்க பதிவுல வராது. அது பஞ்சாயத்து இறப்புப் பதிவுல வரும். ரெண்டுக்கும் எண் வேற. அதோட, இங்க ஒரு சாவு நடந்தா அதுக்கு ஒரு விசாரணைக் கூட்டம். ஏன் செத்தாங்கன்னு எழுதிக் குடுக்கணும். வீட்டுக்குப் போனா கூட்டம் கிடையாது. குடும்பத்துக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. நானும் போட்டிருக்கேன் கையெழுத்து."

"பாதை என்ன கத்துக்கிட்டிருக்குன்னு பாருங்க," என்றான் சித்தீக் மெதுவாக. "ரொம்ப மோசமா இருக்கறவங்களைச் சும்மா விட்டா உயிரோட போறாங்க, படுக்கை குடுத்தா சாகறாங்க. படுக்கை அவங்களைக் கொல்லுதுன்னு நினைச்சு அவங்களைக் காப்பாத்துது. அது பொய் சொல்லல மேடம். நாம சொன்னதை நம்பியிருக்கு, அவ்வளவுதான்."

"ரொம்பச் சந்தோஷம். இப்ப எனக்கு ஒரு படுக்கை வேணும்."

"அது என் கையில இல்ல. ஆனா இருங்க, ஒரு வருஷமா இப்படியே ஓடியிருக்குன்னா எத்தனை இடத்துல இந்தக் குளறுபடி நடந்திருக்குன்னு எடுத்துக் குடுத்தா, மேல பேச எனக்கு ஒரு பிடி கிடைக்கும்." மறுபடியும் விசைச் சத்தம். இந்த முறை நெடுநேரம் ஓடியது. வடிவின் விரல் நகங்கள் நீலம் பாரித்திருந்ததை ஜெஸிந்தா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மேடம், ஒரு விசித்திரம்."

"சொல்லுங்க."

"பாதை வர்றதுக்கு முன்னாடி, இந்த நோயாளிகளோட அழுத்தத்தை வரைபடமா போட்டா ஒரு குன்று மாதிரி சரிவா இறங்குது. எழுபதுலயும் ஆள் இருக்காங்க, அறுபதுலயும் இருக்காங்க. பாதை வந்த பிறகு தொண்ணூறுக்குக் கீழ யாருமே இல்ல. மாநிலம் முழுக்க. தொண்ணூறுல செங்குத்தா ஒரு சுவர். அதுக்கு மேல கூட்டம் நெரியுது."

"யாருமே இல்லன்னா?"

"யாருமேன்னா, ஒரே ஒரு ஆஸ்பத்திரியைத் தவிர. அங்க மட்டும் எழுபது, அறுபத்தெட்டு, எழுபத்து நாலுன்னு இயல்பா இருக்கு. அவ்வளவு சுத்தமான பதிவு." அவன் வியப்பில் தொடங்கிய வாக்கியத்தை முடிக்கும்போது குரல் இறங்கியிருந்தது. "உங்க ஆஸ்பத்திரி மேடம்."

ஜெஸிந்தா வடிவின் கட்டிலில் தொங்கிய சார்ட்டைக் கையில் எடுத்தாள்.

"நோய் மாறல," என்றான் அவன். "எழுதுற கை மாறியிருக்கு."

அவள் தொலைபேசியைக் காதிலிருந்து இறக்கினாள். பிரேமகுமாரி நான்கு மாதங்களுக்கு முன் வேறொரு மருத்துவமனையிலிருந்து மாற்றலாகி வந்தவள். இப்போது மருந்துத் தட்டை அடுக்கியதையே திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர். உங்க பழைய ஆஸ்பத்திரியில அழுத்தம் இறங்கினா என்ன எழுதுவீங்க?"

"மேடம்..."

"சொல்லுங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"எண்ணைத் தூக்கிப் போடுவோம் மேடம். டூட்டி டாக்டரே 'தூக்கிப் போடு'ம்பாங்க. முன்ன தொண்ணூறு போட்டா போதும், படுக்கை கிடைச்சிரும். அப்புறம் தொண்ணூத்தாறு ஆச்சு. இப்ப நூத்தி நாலாவது போடணும்னு சொல்லுதாவ. எங்க செட்டுப் பிள்ளைங்க எல்லா ஊர்லயும் அப்படித்தான் போடுதாவ."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

பிரேமகுமாரி தட்டை வைத்தாள். "வந்த முத வாரம், ஒரு சார்ட்டுல ஒரு எண்ணை மாத்தி எழுதிட்டேன்னு அத்தனை பேர் முன்னாடி என்னை நிக்க வச்சுக் கேட்டீங்க. 'பொய் எழுதுற கை ஊசி போடக் கூடாது'ன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் எப்படி மேடம் உங்ககிட்ட வந்து சொல்ல?"

எல்லோரும் கண்டுபிடித்திருந்தார்கள். மேலே எழுதிக் கேட்கவில்லை, சண்டை போடவில்லை, ஓடும் தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவது போலச் சுற்றிப் போய்விட்டார்கள். கல் மட்டும் இவளுடைய வார்டில் கிடந்தது. ஒரு வருடமாக இந்தக் கட்டிலில் படுத்தவர்களின் முகங்கள் வரிசையாக வரத் தொடங்கின. அவள் அவற்றை நிறுத்திவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

"சித்தீக், இந்த ஒரு வருஷத்துல எங்க ஆஸ்பத்திரியில இருந்து எத்தனை பேருக்குப் படுக்கை கிடைச்சிருக்கு?"

"அது இப்ப வேண்டாம் மேடம்."

அவளும் மறுமுறை கேட்கவில்லை.

"மேடம், ஒரு விஷயம் கேக்கணும்." அவன் தயங்கினான். "நான் இதைச் சரிசெய்ய முடியும். உங்க வட்டாரத்து இறப்புப் பதிவுகளை வாங்கி, உங்க பதிவுகளோட இணைச்சு, நாலாவது வாசல் என்னன்னு பாதைக்குச் சொல்லிக் குடுக்க முடியும். மூணு மாசம் ஆகும். ஆனா சரிசெஞ்சது சரிதானான்னு பார்க்க, எங்கயாவது ஒரு இடத்துல உண்மையான அளவு தொடர்ந்து எழுதப்படணும். மத்த எல்லா இடமும் கெட்டுப்போச்சு. கூட்டிப் போட்ட தொண்ணூறு, தொண்ணூத்தாறுங்க படுக்கையில இறந்து, அந்த எண்களுக்கும் படுக்கை ஆகாதுன்னு பாதை நம்பிடுச்சு, இப்ப நூத்தி நாலுக்குத்தான் குடுக்குது. உண்மையிலயே நூத்தி நாலு இருக்கறவன் சாதாரணக் காய்ச்சலோட வந்தாலும் அவனுக்குப் படுக்கை குடுக்குது. உங்க ஒரு இடம்தான் பாக்கி."

"அதனால?"

"அதனால... நீங்க எழுதற மாதிரியே எழுதணும்."

"உங்களுக்குத் தனியா நான் உண்மையை எழுதி அனுப்புறேன். பாதைக்கு வேற போடுறேன்."

"பதிவுக்கு வெளிய இருக்கறதை ஆதாரமா ஏத்துக்க மாட்டாங்க மேடம். ஒரு டாக்டர் பதிவுல பொய் எழுதிட்டு, உண்மை இதுன்னு தனியா அனுப்பறாங்கன்னு நான் எங்க போய்ச் சொல்றது? உங்க வேலையே போயிடும்."

"அப்ப மூணு மாசத்துக்கு எங்க ஊர் ஜனங்க உங்களுக்கு அளவுகோலாக் கிடக்கணும்."

"லட்சக்கணக்கானவங்களுக்காக மேடம்," என்றான். சொல்லும்போதே அவனுக்கு அது பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

"அந்த லட்சத்துல ஒருத்தி இங்க கிடக்கா. அவளுக்கு ஒரு பேர் இருக்கு."

வாசலில் வேன் கிளம்பத் தயாராகி உறுமியது. கொம்பையா யாரிடமோ, பின்சீட்டை மடக்கிப் பாய் விரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெஸிந்தா மறுபடியும் அழுத்தப் பட்டையைச் சுற்றி அளந்தாள். எழுபது. சித்தீக் சொன்னதில் தவறு எதுவும் இல்லை, அதுதான் அவளை எரித்தது. அவனை ஒரு முட்டாள் என்று திட்ட முடிந்திருந்தால் எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

அவள் விசைப்பலகையை இழுத்தாள். நூற்று நான்கு, கோடு, அறுபத்தாறு. தட்டினாள்.

பாதை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மதிப்பெண் தொண்ணூற்று மூன்று. படுக்கை ஒதுக்கப்பட்டது. ஆம்புலன்ஸ் புறப்பட்டது.

தொலைபேசியில் சித்தீக் இன்னும் இருந்தான். அவன் திரையிலும் அந்த எண் வந்திருக்க வேண்டும்.

"சரி மேடம்," என்றான். "நல்லபடியா ஆகட்டும்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

உண்மையான அளவுகளை ஒரு தாளில் எழுதி ஆம்புலன்ஸ் உதவியாளரிடம் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று அவள் எழுத உட்கார்ந்தாள். பாதி எழுதும்போது கொம்பையா உள்ளே வந்தார். முகம் மலர்ந்திருந்தது. கையிலிருந்த தொலைபேசியை நீட்டினார்.

"டாக்டரம்மா, கும்பிடணும் உங்கள. கைராசிக்காரி."

ஒவ்வொரு பதிவுக்கும் பாதை குடும்பத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பும். நோயாளிகளின் உறவினர்களை இருட்டில் வைக்கக் கூடாது என்று சேர்க்கப்பட்ட நல்ல வசதி அது. திரையில் இருந்தது: 'உங்கள் நோயாளி சுடலைவடிவின் ரத்த அழுத்தம் 104/66. முன்னேற்றம் காணப்படுகிறது.'

"எழுபத்திரெண்டுல இருந்து நூத்தி நாலு. ஏறிட்டுல்லா," என்றார் கொம்பையா. "ஏ லிங்கம், நான் சொன்னேம்லா, அவ உப்புல வெந்தவ, லேசுல போக மாட்டான்னு. இனி எதுக்கு டாக்டரம்மா அவ்வளவு தூரம் பெரியாஸ்பத்திரிக்கு அலைய விட்டுக்கிட்டு? வேன் நிக்கி. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் கஞ்சி கிஞ்சி குடுத்துத் தேத்திருவோம். அந்தக் கையெழுத்தை மட்டும் போட்டுருங்க."

ஜெஸிந்தா பேனாவைக் கீழே வைத்தாள்.

"அண்ணாச்சி, அது சரியில்ல. அந்த எண் சரியில்ல."

"ஆஸ்பத்திரியில இருந்துதான வந்துருக்கு."

"ஆஸ்பத்திரியில இருந்துதான் வந்துச்சு. நான்தான் எழுதுனேன். அது பொய்."

பிரேமகுமாரி தலை நிமிராமல் நின்றாள். கொம்பையா தொலைபேசியையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலையில இருந்து நீங்க சொன்னதெல்லாம்?"

"அதெல்லாம் நிஜம்."

"இது மட்டும் பொய்."

"ஆமா. படுக்கைக்காகப் போட்டது."

"அப்போ நாங்க எதைத்தான் நம்ப, டாக்டரம்மா?" கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலக் கேட்டார்.

ஜெஸிந்தா கதவோரத்தில் நின்ற லிங்கத்துரையின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். அவர் கையை வடிவின் பாதத்தில் வைத்தாள். ஐஸ் போலச் சில்லிட்டிருந்த பாதம். மற்றொரு கையை அவள் நெற்றியில் வைத்தாள். அது கொதித்தது.

"உள்ள போக வேண்டிய ரத்தம் போகல, துரை. இதைத் தேத்த வீட்டுல முடியாது."

லிங்கத்துரை பாதத்திலிருந்து கையை எடுக்கவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் அதைத் தேய்த்துச் சூடாக்கப் பார்த்தார். சூடாகவில்லை. காலையிலிருந்து அவர் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"அண்ணே, வேனை அனுப்பிரு. நான் இவ கூடப் போறேன்."

ஆம்புலன்ஸ் வந்தது. வடிவை ஏற்றினார்கள். ஜெஸிந்தா எழுதி முடித்த தாளை உதவியாளரிடம் கொடுத்தாள். லிங்கத்துரை பக்கத்தில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டே போனார். கொம்பையா வேன்காரனோடு வாடகை பற்றி வாதாடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. ஜெஸிந்தா வாசலில் நின்று, சாலையில் சைரன் ஓயும்வரை காத்திருந்து திரும்பினாள். வடிவு பிழைப்பாளா என்பது இனி வேறொரு வார்டின் கையில். அங்கே பாதையின் திரையில் வரப்போவது நூற்று நான்கு. தாளில் இருப்பது எழுபது. அங்குள்ள டாக்டர் எதைப் பார்ப்பாரோ, எதை நம்புவாரோ.

உள்ளே, வடிவு கிடந்த கட்டிலில் விரிப்பை மாற்றி வேறொருவரைப் படுக்க வைத்திருந்தார்கள். வேம்படிக் குளத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி, மூச்சிரைக்கும் முதியவர். கூட வந்த மகள் ஒரு பையை மார்போடு அணைத்தபடி நின்றாள். பிரேமகுமாரி அழுத்தப் பட்டையைச் சுற்றி, காற்றை ஏற்றி, இறக்கி, காதில் குழாயை வைத்துக் கேட்டாள்.

"எண்பத்து ரெண்டு மேடம்," என்றாள்.

ஜெஸிந்தா தலையசைத்தாள்.

பிரேமகுமாரி கணினி முன் போய் உட்கார்ந்தாள். அவள் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே நின்றன.

"என்ன போடட்டும் மேடம்?"